குடியை நிறுத்த எந்தக் கூட்டம்? வன்னியில் நீண்டகாலம் போய்வந்து கண்டது

விடிய எழும்பினதும் கை நடுங்குது, ஒரு மிடறு போனால்தான் அடங்குது என்றால், குடியை நிறுத்த விரும்புபவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டத்தைத் தேடுவது இரண்டாவது வேலை. அந்த நிலையில் இருப்பவர் வைராக்கியத்தில் சட்டென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் போவதும் இல்லாததைக் காண்பதும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. கிளிநொச்சி, வவுனியா பொது வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். தயமின் என்ற விற்றமின் பி1உம் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் எடுத்துத் தெளிந்த பிறகுதான் கூட்டத்தில் சொல்வது காதில் ஏறும். வலிப்பு வந்தால் அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கள்.

ஏஏ என்று சுருக்கிச் சொல்லும் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கியது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது, உண்டியல் சுற்றும், விரும்பினால் போடலாம். மாதக்காசு கேட்டால் அது ஏஏ ஆக இராது, தங்கிச் சிகிச்சை பெறும் நிலையமாக இருக்கும். திறந்த கூட்டத்துக்கு மனுசியையோ தம்பியையோ கூட்டிப் போகலாம். மூடிய கூட்டத்தில் குடியை நிறுத்த விரும்புபவர் மட்டும்தான். முதல் தடவை திறந்ததற்குப் போய்ப் பின்வாங்கில் இருந்து கேட்டால் போதும். பேசச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது.

வன்னியில் ஆட்கள் விட்டுப்போவது பேச்சுச் சரியில்லாமல் அல்ல, பஸ் சரியில்லாமல்தான். ஏ9 பிரதான வீதியில் இருப்பவருக்குப் பிரச்சினை குறைவு. மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால் கூட்டம் முடியும் நேரத்தையும் கடைசிப் பஸ்ஸையும் முதலே கேட்டு வையுங்கள். ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போகும் கூட்டம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தவறணை இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது பெயர். சொந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் நடக்கும் கூட்டம் கிட்டத்தான், ஆனால் வாசலில் நிற்கும் சைக்கிளைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஒரு ஊர் தள்ளிப் போவது நல்லது. தொண்டு நிறுவனங்களின் திட்டக் காசில் நடக்கும் சில குழுக்களில் வரவுப் பதிவில் அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், அறிக்கைக்கென்று படம் எடுப்பார்கள். பெயர்ப் பட்டியலுக்குப் பயந்து வாழ்ந்த சனத்திடம் இது எடுபடாது. அடுத்த கிழமை கதிரை வெறுமையாகத்தான் கிடக்கும். "புனர்வாழ்வு" என்ற சொல்லும் அப்படித்தான். 2009இல் போர் முடிந்த பிறகு முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்த முகாம்களுக்கு அந்தப் பெயர் வைத்ததால், இங்கே அதற்கு வேறொரு பொருள் ஒட்டிக்கொண்டது. அழைப்பவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்தாலே இன்னும் நாலுபேர் வருவார்கள்.

தேவாலய மண்டபத்தில் கூட்டம் என்றதும் மதம் மாற்றப் போகிறார்கள் என்று வீட்டில் சண்டை வரும். மண்டபம் இடம் மட்டும்தான். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், "நாம் விளங்கிக்கொண்டபடி" என்ற சொற்களோடு. அது பிள்ளையாராகவும் இருக்கலாம், குழுவாகவும் இருக்கலாம். கூட்டத்தில் பைபிள் வகுப்பு நடந்தால் அது வேறு கூட்டம். உளநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

கிட்டடியில் ஒன்றும் இல்லாதவருக்குத் தமிழ்நாட்டுக் குழுக்களின் சூம் கூட்டங்கள் கைகொடுக்கும். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் குழப்பமில்லை. படத்தை நிறுத்திக் குரலை மட்டும் விட்டால் டேட்டாவும் மிஞ்சும், முகமும் தெரியாது. அவர்கள் "குவார்ட்டர்" என்பதும் நாங்கள் "கால்போத்தல்" என்பதும் ஒன்றென்று பிடிபட இரண்டு கூட்டம் போதும். குறை ஒன்று: குடிக்கும் ஆசை அடக்க முடியாமல் வரும் அந்தப் பின்னேரத்தில் பக்கத்தில் வந்து இருக்க அங்கே ஆளில்லை.

அந்த ஆளைத்தான் ஸ்பொன்சர் என்கிறார்கள். குறைந்தது ஒரு வருடம் குடிக்காமல் இருப்பவராக, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்ணாகப் பாருங்கள். உறவினர் வேண்டாம். சீட்டுப் பிடிப்பவர், கடன் தந்தவர், கூலிக்கு வைத்திருப்பவர் அறவே வேண்டாம். மறுபடி குடித்து வழுக்கினால் அவர்களிடம் உண்மை சொல்ல வாய் வராது.

ஒரு கூட்டத்தைக் கணிக்க ஆறு கிழமை கொடுங்கள். பேச்சை விட, முடிந்த பிறகு பிளேன்ரீ குடிக்க நிற்பவர்களைக் கவனியுங்கள். புதிதாய் வந்தவரிடம் ஒருவராவது போன் நம்பர் கொடுத்தால் அது உயிருள்ள குழு. ஒரே ஆள் முக்கால்மணி நேரம் பிரசங்கம் வைத்தால் வேறிடம் பாருங்கள்.

முதல் மூன்று மாதம் தாண்டியவர்களும் தடுக்குவது மாசி, பங்குனியில். காலபோக நெல் அறுவடைக் காசு கையில், பனங்கள்ளும் இறங்கும் காலம், வயலில் வேலை முடிந்ததும் கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் கிழமைக்கு ஒன்று போதாது, சூமையும் சேர்த்து மூன்றாக்குங்கள். அறுவடைக் காசை வீட்டில் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு, பஸ் காசை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.