கரண்ட் போய் வந்தால் 1,500 ரூபாய்: சர்வர் போட்டுக் கொடுத்தவர் வைத்த கண்ணி

ஈரோட்டில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். பில், ஸ்டாக், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி தேதி எல்லாமே கடையின் பின்னறையில் இருக்கும் ஒரு சர்வரில்தான் ஓடுகின்றன. அந்த சர்வரைப் போட்டுக் கொடுத்தவரே அதை வைத்து என்னிடம் பதினொரு மாதம் காசு கறந்தார். அவர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே போடப்போவதில்லை. வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். ஆனால் எப்படிச் செய்தார் என்பதைச் சொல்வதற்குத் தடை எதுவும் இல்லை.

2023 ஆகஸ்டில் மெஷின் வந்தது. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ், அதற்கு மேல் பில்லிங் சாஃப்ட்வேர். இன்ஸ்டலேஷனுக்கு மட்டும் 22,000 ரூபாய். பில்லில் தனி வரியாக 'யுபிஎஸ் ஆட்டோ ஷட்டவுன் கான்ஃபிகரேஷன், 2,500' என்றும் போட்டிருந்தார். ஆறு மாதம் இலவச சர்வீஸ். அந்த ஆறு மாதமும் ஒரு குறையும் இல்லை. மாதாந்திர பராமரிப்புக்காக காலை 9 மணிக்கு கரண்ட் நிறுத்துவார்கள். மதியம் திரும்பி வந்ததும் மெஷின் தானாக எழுந்துகொள்ளும், நாங்களும் பில் போட ஆரம்பித்துவிடுவோம். சர்வர் என்று ஒன்று இருப்பதே பாதி நாள் நினைவில் இருக்காது.

2024 பிப்ரவரியில் இலவச சர்வீஸ் முடிந்தது. வருடத்துக்கு 24,000 ரூபாய்க்கு ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், போடச் சொன்னார். "இப்பத்திக்கு வேண்டாங்க, தேவைப்பட்டா கூப்பிடறோம்" என்றேன். முகம் கோணவில்லை. டீ குடித்துவிட்டு, "பரவாயில்லைங்கண்ணா, ஒரு விசிட்டுக்கு 1,500, ஞாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் மாத மின்தடை அன்று மதியம் கரண்ட் வந்தது. சர்வரில் பச்சை விளக்கு எரிந்தது. பில்லிங் ஸ்கிரீன் மட்டும் திறக்கவில்லை. பவானி லைனுக்கும் பெருந்துறை லைனுக்கும் சரக்கு எடுத்து வைத்தாகிவிட்டது, டெலிவரி பையன்கள் வண்டியில் சாய்ந்து நிற்கிறார்கள், பில் இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. கையால் பில் எழுதலாமே என்பீர்கள். மருந்து பில்லில் ஒவ்வொரு வரிக்கும் பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் எழுதியாக வேண்டும். ஐம்பது ஐட்டம் ஆர்டர் கொடுத்த ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு எழுதி முடிப்பதற்குள் இருட்டிவிடும். அவரைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ரிமோட்டில் உள்ளே வந்து, பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். "டேட்டாபேஸ் டவுன் ஆயிருச்சுங்கண்ணா, ரிஸ்டோர் பண்ணிட்டேன்." ஜிபேயில் 1,500 போனது.

ஏப்ரலிலும் அதே கதை. மே மாதம் இடியும் மழையுமாக இரண்டு முறை. மார்ச்சிலிருந்து ஜனவரி வரை மொத்தம் 11 முறை கூப்பிட்டிருக்கிறேன், ஆக 16,500 ரூபாய். ஏஎம்சியே போட்டிருக்கலாமோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று பிறகுதான் புரிந்தது.

பொங்கலுக்கு என் அக்கா மகன் வந்திருந்தான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை. கடை லீவு. பின்னறையில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மாமா, ஒரு தடவை ரீபூட் பண்ணிப் பாக்கட்டுமா?" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "டேய் வேண்டாம்டா, அப்புறம் அந்த ஆளைக் கூப்பிடணும், லீவு நாள்ல டபுள் சார்ஜ் கேப்பான்." சிரித்துக்கொண்டே ரீபூட் செய்துவிட்டான்.

வழக்கம்போல பில்லிங் வரவில்லை. அவன் ஏதோ தட்டினான், ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினான். "பாருங்க மாமா. உங்க பில்லிங் சாஃப்ட்வேர் 'டிசேபிள்டு'ன்னு இருக்கு."

இதை எனக்குப் புரியவைக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. எங்கள் தோட்டத்து பம்ப்செட்டை வைத்துச் சொன்னபோதுதான் மண்டையில் ஏறியது. மோட்டாரை ஸ்டார்ட் செய்வது வேறு, ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டு வைப்பது வேறு. பட்டனை அமுக்கினால் இப்போது ஓடும். ஆட்டோவில் போட்டிருந்தால்தான் ராத்திரி ஒரு மணிக்கு த்ரீ ஃபேஸ் வரும்போது நாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் பாயும். லினக்ஸிலும் அதே கதைதான். சிஸ்டம்டி என்கிற ஒரு மேஸ்திரிதான் மெஷின் எழுந்ததும் எந்தெந்த சர்வீஸை, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராமை, கிளப்புவது என்று பார்க்கிறான். 'ஸ்டார்ட்' என்றால் இப்போது ஓடு. 'எனேபிள்' என்றால் மெஷின் எழும்போதெல்லாம் ஓடு. உள்ளே நடப்பது என்னவோ ஒரு ஃபோல்டரில் ஒரு சின்ன இணைப்பு ஃபைலைப் போட்டு வைப்பது மட்டும்தான். 'டிசேபிள்' செய்தால் அந்த இணைப்பு போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் நிற்காது. அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், அடுத்த தடவை எழாது. கையை வைத்தவன் போய் ஒரு மாதம் கழித்து கரண்ட் போய் வரும்போதுதான் வம்பே வெளியே தெரியும்.

சரி, எனேபிள் செய்து மறுபடி ரீபூட் செய்தான். அப்போதும் வரவில்லை! இந்த முறை பில்லிங் சர்வீஸ் கிளம்பி, டேட்டாபேஸைத் தேடி, கிடைக்காமல் விழுந்து, மறுபடி எழுந்து, ஐந்து தடவை முயன்று ஓய்ந்துவிட்டது. பத்து விநாடிக்குள் ஐந்து முறை விழுந்தால் சிஸ்டம்டி அதைக் கைகழுவிவிடுமாம். ஆனால் போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் என்ன சொல்கிறது என்று பார்த்தால் எனேபிள்டு, ஆக்டிவ், பச்சை நிறம். என் மருமகனே கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

அப்புறம்தான் கண்டுபிடித்தான். உபுண்டுவிலும் டெபியன் என்ற லினக்ஸிலும் 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயரில் நாம் பார்க்கும் சர்வீஸ் ஒரு குடை மாதிரி. உண்மையான டேட்டாபேஸ் அதன் கீழே தனி சர்வீஸாக ஓடுகிறது. குடை பச்சையாக இருக்கும், அடைப்புக்குறிக்குள் 'எக்ஸிட்டட்' என்றும் இருக்கும், கீழே ஒன்றுமே ஓடாது. டேட்டாபேஸ் தானாகக் கிளம்ப வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்ல, அதன் கான்ஃபிகரேஷன் ஃபோல்டரில் 'ஸ்டார்ட் டாட் கான்ஃப்' என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு வார்த்தை: ஆட்டோ, மேனுவல், டிசேபிள்டு, இந்த மூன்றில் ஒன்று. இன்ஸ்டால் செய்ததும் அது 'ஆட்டோ'வாகத்தான் இருக்கும். எங்கள் மெஷினில் 'மேனுவல்' என்று இருந்தது.

உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒன்றை இன்ஸ்டால் செய்தாலே அது தானாக எனேபிள் ஆகி ஓடவும் ஆரம்பித்துவிடும். ரெட்ஹேட் வகை லினக்ஸில் அப்படியில்லை, நாமேதான் எனேபிள் செய்ய வேண்டும். அங்கே மறந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நம்பலாம். இங்கே யாரோ உட்கார்ந்து 'ஆட்டோ'வை அழித்துவிட்டு 'மேனுவல்' என்று எழுதியிருக்கிறார்கள். மறதியில் நடக்கிற காரியமா இது?

அந்த ஃபைல் கடைசியாக மாற்றப்பட்டது 2024 பிப்ரவரி 14, இரவு 9:47. ஏஎம்சி வேண்டாம் என்று நான் சொன்னது 12-ஆம் தேதி. சிஸ்டம்டியின் ஜர்னல் பதிவில், சுடோ போட்டு, அதாவது அட்மின் அதிகாரத்தோடு, ஓடிய கட்டளைகள் நேரத்தோடு பதிவாகியிருந்தன. அதே இரவு, 9:44-க்கு பில்லிங் சர்வீஸ் டிசேபிள். எந்த யூசர் என்பதும் இருந்தது, அவர் தனக்காக வைத்திருந்த லாகின். அந்த நேரத்தில் கடையில் ஷட்டர் இறக்கி, நான் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

போன் செய்து கேட்டேன். முதலில் தெரியாது என்றார். நேரத்தைச் சொன்னதும், "அது சேஃப்டிக்காகங்கண்ணா, கரண்ட் போய் வந்து டேட்டாபேஸ் தானா ஸ்டார்ட் ஆனா கரப்ட் ஆயிரும், கையால செக் பண்ணித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். பக்கத்தில் இருந்த மருமகன் போனை வாங்கி, போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் லாக் என்ற பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் மற்றதைச் செய்கிறது, திடீரென்று நின்றால் அடுத்த ஸ்டார்ட்டில் அந்த லாகைப் படித்துத் தானே சரிசெய்துகொள்கிறது, கையால் கிளப்பினாலும் அதேதான் நடக்கும் என்றான். இரண்டு மூன்று சர்வர்களைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரில் எதைக் கிளப்புவது என்று கிளஸ்டரே முடிவு செய்யும் என்பதால், அங்கே ஆட்டோவை நிறுத்தி வைப்பது உண்டாம். "எங்க மாமா கடையில இருக்கறது ஒத்தை மெஷின்ங்க" என்றான். போன் கட்டாகிவிட்டது.

அப்புறம் யுபிஎஸ். 2,500 ரூபாய் கொடுத்த ஆட்டோ ஷட்டவுன். யுபிஎஸ்ஸையும் சர்வரையும் இணைக்கும் யுஎஸ்பி கேபிள், பிரிக்காத பிளாஸ்டிக் கவரோடு யுபிஎஸ்ஸின் முதுகில் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதாவது ஒன்றரை வருடமாக பேட்டரி தீரும் வரை ஓடி, தீர்ந்ததும் சர்வர் தொபுக்கென்று விழுந்துகொண்டிருந்திருக்கிறது. டேட்டா போகாமல் தப்பித்தது போஸ்ட்கிரெஸ்ஸின் புண்ணியம்.

மருமகன் கேபிளைச் சொருகி, நட் என்ற இலவச மென்பொருளைப் போட்டான். பேட்டரி தாழ்ந்ததும் யுபிஎஸ் சொல்லும், சர்வர் எல்லா சர்வீஸையும் ஒழுங்காக நிறுத்தும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் முதலில் 'முடித்துக்கொள்' என்று சொல்லி, வழக்கமாக 90 விநாடி வரை பொறுத்து, அப்போதும் நிற்காவிட்டால்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளுமாம். பேட்டரியில் அதற்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே ஆரம்பிக்கும்படி வைத்தான். பில்லிங் சர்வீஸ் விழுந்தால் பத்து விநாடி விட்டு மறுபடி கிளம்பவும், டேட்டாபேஸுக்குப் பின்னால் வரவும் சொல்லி வைத்தான்.

இன்னொரு இடத்திலும் சிக்கினோம். சோதனைக்காக யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினோம், சர்வர் அழகாக அணைந்தது, பிளக்கைத் திரும்பச் சொருகினோம், சர்வர் எழவே இல்லை. மெஷினின் அடிப்படை செட்டிங்கான பயோஸில், கரண்ட் வந்தால் 'கடைசி நிலை' என்று இருந்தது. ஒழுங்காக அணைத்த மெஷினுக்குக் கடைசி நிலை 'அணைந்தது'தானே. அதை 'பவர் ஆன்' என்று மாற்றினோம். அப்போதும் எழவில்லை. ஏனென்றால் பேட்டரி முழுசாகத் தீரவில்லை, யுபிஎஸ் விடாமல் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தது, கரண்ட் போய் வந்ததே மெஷினுக்குத் தெரியாது. ஷட்டவுன் முடிந்ததும் யுபிஎஸ் தன் அவுட்புட்டையும் நிறுத்தும்படி வைத்த பிறகுதான் சரியாயிற்று. மூன்று தடவை பிடுங்கிச் சொருகி, மூன்று தடவையும் கை வைக்காமல் பில்லிங் ஸ்கிரீன் வந்ததும்தான் அவன் சாப்பிட எழுந்தான். அந்த 2,500 ரூபாய்க்கு உண்மையில் செய்திருக்க வேண்டிய வேலை இதுதான்.

சர்வர் போட்டுக் கொடுக்க யாரையாவது கூப்பிட்டிருந்தால், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே ரீபூட் செய்யச் சொல்லுங்கள். அவர் கீபோர்டைத் தொடக்கூடாது. உங்கள் ஆள் ஒரு பில் போட்டுப் பார்க்கட்டும். யுபிஎஸ்ஸைப் பிடுங்கி அதே சோதனையை இன்னொரு முறை. சுடோ உரிமையுள்ள ஒரு லாகின் உங்கள் கையில், காகிதத்தில் எழுதி, பீரோவில். சர்வீஸ் காலம் முடிந்த அன்றே அவருடைய லாகினை எடுத்துவிடுங்கள். எங்கள் மெஷினில் அவர் லாகினை எடுத்த பிறகும் ரூட் என்ற முழு அதிகார லாகினின் பெயரில், வெளியிலிருந்து நுழைவதற்கான அவருடைய ரிமோட் சாவி ஒன்று கிடந்தது. அதன்பின் கரண்ட் போய் வந்து பில்லிங் வரவில்லை என்றால், சரிசெய்தவரிடம் 'எனேபிள்டா, ஆட்டோவா' என்று மட்டும் கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் வேறு ஒருவரிடம் காட்டுங்கள்.

வக்கீலிடம் போனேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்தில் 'நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று வாதிடுவார்கள் என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல், உரிமையாளர் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரின் செயல்பாட்டைக் குலைப்பது 43-ஆம் பிரிவில் வருகிறது. மோசடி எண்ணத்தோடு செய்திருந்தால் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஜர்னல் பதிவுகளைத் தனி டிஸ்க்கில் எடுத்து வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போயிருக்கிறது.

அதே ஆள்தான் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு மொத்த வியாபாரிகளுக்கும் சர்வர் போட்டிருக்கிறார். அந்த 'ஸ்டார்ட் டாட் கான்ஃப்' ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று இருவரிடமும் கேட்டிருந்தேன். நேற்று இருவரும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார்கள். வருடாவருடம் ஏஎம்சி கட்டுகிறவர் மெஷினில் 'ஆட்டோ'. போன தீபாவளிக்கு வேண்டாம் என்று சொன்னவர் மெஷினில் 'மேனுவல்'.