தோள்மூட்டு நோவுக்கு பேப்பரில் சுற்றித் தந்த குளுசை

கல்லடிப் பக்கம் இருப்பவர்களுக்கு: தோள்மூட்டு நோவென்றதும் "ஒரே இழுவையில் சரியாக்குவார்" என்று யாராவது ஒரு நம்பரைத் தந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஆளின் பெயரை நான் எழுதப்போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 54 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். மாரி மழையோடு இடது தோளில் தொடங்கிய நோவு, தலை வாரவும் முடியாமல், சட்டைக் கொக்கி போடக் கையைப் பின்னால் கொண்டுபோகவும் முடியாமல் வந்து நின்றது. இரவில் அந்தப் பக்கம் சரிந்தால் அழுவார். அந்த ஆள் தொட்டுப் பார்த்துவிட்டு "நரம்பு பிசகியிருக்கு" என்றார். எக்ஸ்ரே இல்லை, சீனி இருக்கா என்ற கேள்விகூட இல்லை. எண்ணெய் பூசி ஒரு இழுவை, அம்மா போட்ட சத்தம் வெளியே ஓட்டோவில் இருந்த எனக்குக் கேட்டது. அப்புறம் ஒரு போத்தல் எண்ணெய், பேப்பரில் சுற்றிய குளுசை, மூலிகையாம், எல்லாமாக 18,500 ரூபா. பில் கேட்டேன், சிரித்தார்.

மூன்றாம் நாளே நோவு பாதி இறங்கிவிட்டது, அதுதான் எங்களை ஏமாற்றியது. நாங்களே நாலு பேருக்கு அவரைச் சொல்லிக்கொடுத்தோம் (அந்த நாலு வீட்டுக்கும் இப்போது திரும்பப் போய் வந்தாயிற்று). ஆறு கிழமையில் அம்மாவின் முகம் உப்பி, சீனி 300ஐத் தாண்டியது.

பிறகுதான் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி. இடது தோள் என்பதால் முதலில் ஈசிஜி எடுத்து இதயத்தைப் பார்த்தார்கள். அம்மாவாகத் தூக்கினாலும் டாக்டர் பிடித்துத் தூக்கினாலும் கை தோள்மட்டத்தைத் தாண்டவில்லை. தசைநார் கிழிந்திருந்தால் பெரும்பாலும் மற்றவர் தூக்கும்போது கை போகுமாம். இது ஃப்ரோசன் ஷோல்டர், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவது. 40 முதல் 60 வயதுக்குள் வருவது, சீனிக்காரருக்குக் கூடுதல், இளகி வர ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட எடுக்கும். இதைப் போய் ஒரு இழுவையில் சரியாக்குகிறாராம்!

குளுசையில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அது நோவை அமுக்கும், சீனியை ஏற்றும். கோபத்தில் எல்லாவற்றையும் எறியப்போன என்னைத் தடுத்ததும் அவர்தான்: கிழமைக்கணக்கில் போட்ட ஸ்டீரொய்டைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி ஆள் விழுந்துவிடலாம், டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொட்டலம் இருந்தால் அதையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இப்போது பிசியோதெரபி, ஒரு சதம் செலவில்லை. குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவார், பிறகு குசினிச் சுவரில் விரல்களை மேலே நடத்துவார். எட்டிய இடத்தில் கிழமைக்கு ஒருமுறை பென்சிலால் கோடு போடுகிறேன். நேற்றுப் போட்ட கோடு கலண்டர் ஆணிக்கு நாலு விரல் கீழே.