லாஸ் ஆஃப் த கேம் ரூல் புக்: இன்டைரக்ட் ஃப்ரீ கிக் புரியணும்னா இதுல எதைப் படிக்கணும்

ஃபுட்பால் ரூல்ஸ் எழுதுற ஐஎஃப்ஏபி அவங்க ரூல் புக்கை பிடிஎஃப்பா காசு வாங்காமலே குடுக்குறாங்க, மொபைல் ஆப்பும் ஃப்ரீதான். மொத்தம் 17 ரூல், எல்லாத்தையும் பத்தி எழுதுனா விடிஞ்சிரும், அதனால இன்டைரக்ட் ஃப்ரீ கிக்குக்கு இந்த புக் எவ்ளோ தூரம் உதவுதுன்னு மட்டும் சொல்றேன்.

13வது ரூல் அருமை. ரெஃப்ரி கையை தலைக்கு மேல தூக்கிட்டா இன்டைரக்ட். அடிச்சவர் தவிர வேற யாராவது ஒரு ப்ளேயர் மேல பட்டுட்டு உள்ள போனாதான் கோல், நேரா போனா எதிர் டீமுக்கு கோல் கிக். அந்த "வேற யாராவது"ல கீப்பரும் உண்டு, அதாவது நேரா வர்ற பந்தை அவர் சும்மா விட்டா கோல் இல்ல, பதறிப்போய் கை வச்சு அது உள்ள உருண்டா கோல்! ரெஃப்ரியே கை தூக்க மறந்து, பந்தும் நேரா உள்ள போயிருச்சுன்னா? கிக்கை திரும்ப எடுக்கணும். இந்த மாதிரி சந்து பொந்தெல்லாம் யோசிச்சு எழுதியிருக்காங்க பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார் கூட குடுக்கலாம்.

கடுப்பாகுறது எங்கன்னா, எதுக்கெல்லாம் இன்டைரக்ட் குடுப்பாங்கன்னு ஒரே இடத்துல கிடையாது. ஆஃப்சைடு 11ல, பேக் பாஸை (சொந்த டீம் ஆளே கீப்பருக்கு காலால குடுக்குற பந்தை) கீப்பர் கையில எடுக்குறது, ஆபத்தா கால் தூக்குறது, ரெஃப்ரிய திட்டுறது எல்லாம் 12ல, கார்னர் அடிச்சவரே ரெண்டாவது தடவை தொட்டா அது 17ல. புதுசா படிக்கிறவங்க முன்னயும் பின்னயும் புரட்டிட்டே இருக்கணும்.

இன்னொன்னு, ரூல் இருக்கும், அது ஏன் வந்துச்சுன்னு இருக்காது. 1990 வேர்ல்ட் கப்ல கீப்பருக்கு பாஸ் குடுத்து குடுத்து டைம் ஓட்டி எல்லாரையும் தூங்க வச்சாங்க, அதுக்கப்புறம்தான் 1992ல பேக் பாஸ் ரூல் வந்துச்சு. இது தெரிஞ்சா தலையால, நெஞ்சால குடுத்தா ஓகே, வேணும்னே காலால தட்டுனா மட்டும் தப்புங்கிறது சட்டுனு மண்டைல ஏறும்.

ஒரு மேட்ச் பாத்துட்டு 12, 13 ரெண்டையும் சேர்த்து படிங்க, 2010 பிப்ரவரி சாம்பியன்ஸ் லீக், போர்ட்டோ - ஆர்சனல். ஆர்சனல் டிஃபெண்டர் கேம்ப்பெல் கால்ல பட்டு வந்த பந்தை அவங்க கீப்பர் ஃபேபியான்ஸ்கி கையில எடுத்துட்டாரு, ரெஃப்ரி அதை பேக் பாஸ்னு எடுத்துக்கிட்டு இன்டைரக்ட் குடுத்தாரு. ஆர்சனல் ஆளுங்க சுவர் கட்டலாம்னு நினைக்குறதுக்குள்ள போர்ட்டோவோட ரூபன் மிக்கேல் தட்டிவிட, அதே டீம் ஃபால்காவோ காலி கோல்ல போட்டுட்டாரு, போர்ட்டோ 2-1. ஆர்சனல் கோச் வெங்கர் கொதிச்சுப் போனாரு, ஆனா புக் படி வேகமா எடுக்குறதுல தப்பே இல்ல, 9.15 மீட்டர் தள்ளி நிக்க வேண்டியது எதிராளி வேலை. (இதே ரெண்டு டீமும் மோதுன ரெண்டாவது மேட்ச்ல ஆர்சனல் 5-0 அடிச்சு தீத்துக்கிட்டாங்க, அது வேற கதை.)

கோல் ஏரியா (கோலுக்கு முன்னாடி இருக்குற சின்ன பெட்டி) ஒட்டி நடக்குற கூத்தும் இதே 13ல இருக்கு. அட்டாக் பண்ற டீமுக்கு கோல் ஏரியா உள்ள இன்டைரக்ட் கிடைச்சா பந்தை 5.5 மீட்டர் கோட்டுக்கு கொண்டு வந்து வைக்கணும், 9.15 தள்ளி நிக்க எடம் ஏது, அதனால டிஃபெண்டருங்க மொத்தமும் ரெண்டு போஸ்ட்டுக்கு நடுவுல கோட்டு மேல வரிசையா நிப்பாங்க. ஒரு படம் போட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

என்னோட ரேட்டிங் 5க்கு 4. டவுன்லோட் பண்றவங்க வருஷத்தை பாத்து எடுங்க. கீப்பர் பந்தை 6 செகண்டுக்கு மேல பிடிச்சா இன்டைரக்ட்னு பழைய பிடிஎஃப்ல இருக்கும், 2025-26ல இருந்து அது 8 செகண்ட், தாண்டுனா எதிர் டீமுக்கு கார்னர்.