இயற்கை ஆவணப்படம்: பொதுத் தயாரிப்பா, கிறிஸ்தவத் தயாரிப்பா?

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் உள்ள கத்தோலிக்கப் பெற்றோர் சிலர், பிள்ளைகளோடு எந்த வகை இயற்கை ஆவணப்படத்தைப் பார்ப்பது, மதம் சாராத பொதுத் தயாரிப்பையா, கிறிஸ்தவத் தயாரிப்பையா என்று தயங்குகிறார்கள்.

செலவு: பிபிசி போன்றோரின் முழுத் தொடர்களுக்குப் பெரும்பாலும் ஓடிடி சந்தா வேண்டும், கிறிஸ்தவப் படங்கள் பல யூடியூபில் இலவசம்.

காட்சி: பொதுத் தயாரிப்புகளே மேல்.

கேள்விகள்: தயக்கம் முழுவதும் இங்கேதான். தை, மாசியில் சென்னைக் கரைக்கு வந்து சுமார் நூறு முட்டைகள் இடும் பங்குனி ஆமையைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடலாமைகள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன என்று வர்ணனையில் வந்ததும், "ஆறு நாள்னுதானே மறைக்கல்வியில சொன்னாங்க, அப்பா?" என்று என் மகள் ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்தினாள். கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்ததாகச் சொல்லும், விவிலியத்தின் தொடக்கநூலின் முதல் அதிகாரத்தையும், கடலின் சிறிய பெரிய உயிர்களைப் பாடும் 104-ஆம் திருப்பாடலையும் வாசித்தோம். பரிணாமம் வெறும் கருதுகோள் அன்று என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் கூறியதையும் சொன்னேன். படைப்பை ஆறு நாள் கணக்கிலேயே விளக்கும் படங்களில் இந்த உரையாடலுக்கு இடமில்லை. பின்னாளில் பள்ளி அறிவியல் பாடத்தோடு அவை முரண்படும்.

ஜெபத்தோடு சேர்த்துப் பார்க்க, மழலைகளுக்குக் கிறிஸ்தவப் படங்கள் பொருந்தும். கேள்வி கேட்கும் வயதுப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் பக்கத்தில் அமர முடியுமானால், பொதுத் தயாரிப்பையே பரிந்துரைப்பேன்.