ஃப்ரீடிடிஎஸ்ஸா, மைக்ரோசாஃப்ட் ட்ரைவரா: உபுண்டுவில் எதைப் போடலாம்?

மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) சர்வர் ஒன்று அமைக்க வேண்டி வந்தது. பில், ஸ்டாக் எல்லாம் பழைய விண்டோஸ் பெட்டியில் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் 2008 ஆர்2 எக்ஸ்பிரஸ்ஸில் கிடக்கிறது, குலசேகரம் குடோனில் இருப்பவர்கள் அதை பிரவுசரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். உபுண்டுவிலிருந்து அந்த டேட்டாபேஸோடு பேச ஒரு ட்ரைவர் வேண்டும். திறந்த மூல ஃப்ரீடிடிஎஸ், மைக்ரோசாஃப்டின் சொந்த ட்ரைவர், இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எதைப் போட்டாலும் அடியில் யூனிக்ஸ்ஓடிபிசி வேண்டும், புரோகிராமையும் ட்ரைவரையும் இணைப்பது அதுதான். அதைப் போடும் முன்பே உபுண்டுவிலிருந்து எஸ்கியூஎல் சர்வரின் வழக்கமான 1433 போர்ட் எட்டுகிறதா என்று பாருங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி (நெட்வொர்க் வழி இணைப்பு) அணைந்தே வரும், போர்ட்டும் தானாக மாறும். விண்டோஸ் பக்கம் போய் அதை இயக்கி, போர்ட்டை நிலையாக வைத்து, ஃபயர்வாலையும் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எனக்கு ஒரு காலைப்பொழுது இதிலேயே போனது.

நிறுவுவதில் ஃப்ரீடிடிஎஸ்தான் சுலபம். உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே டிடிஎஸ்ஓடிபிசி என்ற பெயரில் இருக்கிறது, ஒரே வரிதான். மைக்ரோசாஃப்ட் ட்ரைவர் 18-க்கு அவர்கள் களஞ்சியத்தையும், அதைச் சரிபார்க்கும் சாவியையும் சேர்த்து, உரிமத்துக்கும் சம்மதம் சொல்ல வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அங்கே மைக்ரோசாஃப்ட் ட்ரைவர் கிடையாது.

ஆனால் என் வேலையில் முடிவைத் தீர்மானித்தது என்க்ரிப்ஷன், அதாவது போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது. ட்ரைவர் 18 இயல்பாகவே என்க்ரிப்ட் செய்யும், எஸ்கியூஎல் சர்வரின் அடையாளச் சான்றிதழையும் சரிபார்க்கும். சான்றிதழ் நாமே போட்டதென்றால் அதை நம்பச் சொல்லும் அமைப்பை 'யெஸ்' ஆக்கித் தப்பிக்கலாம், சரி. இங்கே சிக்கல் வேறு. அப்டேட் எதுவும் போடாத 2008 ஆர்2-வுக்கு டிஎல்எஸ் 1.0 என்ற பழைய என்க்ரிப்ஷன் முறை மட்டும்தான் தெரியும், உபுண்டு 22.04-இல் என்க்ரிப்ஷனைக் கவனிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 இயல்பான அமைப்பில் அதை ஏற்காது. என்க்ரிப்ட் வேண்டாம் என்று எழுதினாலும் மைக்ரோசாஃப்ட் ட்ரைவர் லாகின் பாக்கெட்டை மறைத்துத்தான் அனுப்பும் என்பதால் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஃப்ரீடிடிஎஸ்ஸில் என்க்ரிப்ஷனை முழுவதும் அணைக்கலாம். அணைத்தால் பாஸ்வேர்டு கிட்டத்தட்ட அம்மணமாகப் போகும், ஆகவே கடைக்குள் இரண்டு பெட்டிக்கும் நடுவே தனி கேபிள் போட்டேன். குடோனுக்குப் போவது எச்டிடிபிஎஸ் பக்கம் மட்டும்.

அப்புறம் தமிழ். ஃப்ரீடிடிஎஸ் முதல் முறை 'ஒட்டுப்பால்' என்ற சரக்குப் பெயரை 11 கேள்விக்குறியாகக் காட்டியது. கண்ணுக்கு ஆறெழுத்துதான், யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனிக் கணக்கு. அமைப்புக் கோப்பில் கிளையண்ட் சார்செட்டை (எழுத்துக் குறியீட்டை) யூடிஎஃப்-8 ஆக்கி, எஸ்கியூஎல் சர்வரோடு பேசும் முறையான டிடிஎஸ்ஸின் பதிப்பை 7.3 என்று வைத்ததும் ஒட்டுப்பால் ஒட்டுப்பாலாகவே வந்தது. மைக்ரோசாஃப்ட் ட்ரைவருக்கு உபுண்டு சர்வரின் லொகேல் (மொழி அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இருந்தாலே போதும், இந்த இடத்தில் அதுதான் மேல். ஆனால் டேபிளில் யூனிகோடைத் தாங்கும் என்வார்சார் வகை இல்லாமல் வெறும் வார்சார் வகை இருந்தால், தமிழ் சேமிக்கும்போதே போயிருக்கும், எந்த ட்ரைவரும் மீட்டுத் தராது.

இரண்டு ட்ரைவரிலும் ஏமாற்றும் ஒரு பிழைச் செய்தி: நூலகத்தை (ட்ரைவரின் லைப்ரரி கோப்பை) திறக்க முடியவில்லை, கோப்பு இல்லை என்று வரும். போய்ப் பார்த்தால் கோப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அது சார்ந்திருக்கும் வேறொரு நூலகம்தான் காணாமல் போயிருக்கும், டெர்மினலில் எல்டிடி என்ற கட்டளையை அந்தக் கோப்புக்குக் கொடுத்துப் பாருங்கள், எது இல்லையென்று அது சொல்லிவிடும்.

இப்போது அந்தக் கடையில் ஓடுவது ஃப்ரீடிடிஎஸ். விண்டோஸ் பெட்டியை மாற்றி எஸ்கியூஎல் சர்வர் 2019 பதிப்பு போடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். போட்ட அன்றே ட்ரைவர் 18-க்கு மாற்றி, அந்த கேபிளையும் கழற்றிவிடுவேன்.