ஏழு மழைக்காலம் கண்ட திருப்புளிகள்

ரங்கூனில் மரச்சாமான் பழுது பார்ப்பதைச் சிறு தொழிலாகச் செய்துவரும் நான், 2018 முதல் மூன்று திருப்புளிகளையே பெரும்பாலும் பயன்படுத்தி வருகிறேன்: 6 மில்லிமீட்டர் தட்டை முனை ஒன்று, இரண்டாம் எண் பிலிப்ஸ் ஸ்டார் ஒன்று, பிலிப்ஸ் போலவே தோன்றும் வேறு வகைச் சிலுவை முனையான போசிட்ரைவ் அதே எண்ணில் ஒன்று.

மூன்றாவதை வாங்க வைத்தது ஒரு காயம். தொடக்கத்தில், ஸ்டார் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு, கதவுக் கீலை இடது உள்ளங்கையில் ஏந்தியபடி போசிட்ரைவ் திருகாணியைப் பிலிப்ஸ் முனையால் முடுக்கினேன். குழியில் முழுதாக உட்காராத முனை துள்ளி வெளியேறி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கியது. மூன்று தையல். சிலுவைக் குழியின் கைகளுக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் இருந்தால் அது போசிட்ரைவ் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்துப் பார்க்கக் கற்றேன். வேலைப் பொருளை இப்போது கையில் பிடிப்பதில்லை. சிறியதானாலும் வேலை மேசையில் இறுக்கிய பின்பே திருப்புளியை எடுக்கிறேன்.

இங்கே ஜப்பானிலிருந்து பழைய சாமான்கள் ஏராளமாக வருகின்றன. அவற்றின் திருகாணித் தலையில் சிறு புள்ளி ஒன்று தென்பட்டால், பிலிப்ஸ் போலத் தோன்றினாலும் அது ஜப்பானிய அளவைச் சேர்ந்தது. சாதாரண முனை அதன் குழியை வழித்துவிடும். இரண்டு அலமாரிகளில் தலைகளைக் கெடுத்த பின் அதற்குரிய முனையையும் வாங்கிவிட்டதால், மூன்று என்பது இன்று நான்கு.

ஆயினும் திருப்புளியைக் காட்டிலும் துளைதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. தேக்குப் பலகையின் ஓரத்தில் துளையிடாமல் முடுக்கினால் பலகை பிளக்கிறது. ரயில் தண்டவாளக் கட்டைக்குப் பயன்படும் பியின்கடோ என்ற கடின மரத்திலோ பலகை அசைவதே இல்லை, திருகாணிதான் முறிகிறது. எட்டாம் நம்பர் திருகாணிக்கு, மேல் பலகையில் அதன் தண்டு தடையின்றி நுழையும் அளவுக்கு 4.5 மில்லிமீட்டர் துளையும், அடி மரத்தில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட துளையும் இடுகிறேன். மேல் துளை சிறிதானால் மரை இரண்டு பலகையையும் பற்றிக்கொண்டு நடுவே இடைவெளி விட்டுவிடும். பித்தளைத் திருகாணி மென்மையானது என்பதால், அதே அளவு எஃகுத் திருகாணியை முதலில் ஒருமுறை ஏற்றி, கழற்றி, அந்தத் தடத்தில் மெழுகு தடவிய பித்தளையைச் செலுத்துகிறேன். பலர் சோப்பைத் தடவுகிறார்கள். அது ஈரத்தை இழுப்பதால் நான் விட்டுவிட்டேன்.

தட்டை முனை, திருகாணித் தலையின் வெட்டை முழுதாக நிரப்ப வேண்டும்; முனை மழுங்கி உருண்டையானால் அரத்தால் நேராக்கிக்கொள்ளலாம். என்னுடையதைக் கொண்டு மருமகன் பெயின்ட் டப்பாவைத் திறந்ததில் உடைந்த மூலையை இன்னும் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. பிளாஸ்டிக் பிடி இருக்கிறதே என்று நம்பி இவற்றை மின்சார வேலைக்கு எடுக்கக் கூடாது. அதற்கு 1000 வோல்ட் குறியிட்ட காப்புத் திருப்புளி தனியே உண்டு.

சென்ற மழைக்காலத்தில் உப்பி இறுகிய ஒரு தேக்குக் கதவை இழைப்பதற்காக, ஐந்து ஆண்டுகளுக்கு முன் நானே முடுக்கிய பித்தளைத் திருகாணிகளைக் கழற்றினேன். பன்னிரண்டும் தலை சிதையாமல் வந்தன. மரையிடுக்கில் மெழுகு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. இழைத்து முடித்ததும் அவற்றையே திரும்பப் பூட்டினேன்.