எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்: கும்பகோணத்தில் நடந்த போர்நாவல் வாசிப்பு வகுப்பு பற்றி

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இயங்கும் வாடகை நூலகம் ஆவணியில் தொடங்கி எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு வாசிப்பு வகுப்பை நடத்தியது. பெயரை வெளியிட வேண்டாம் என்று நடத்துபவர் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. ஊரில் புத்தகம் வாசிப்பவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். போர்நாவல்கள் படைவீரர்களின் மனக்காயத்தை எவ்வகைச் சொல்முறையால் வாசகரிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதே வகுப்பின் பொருள். கட்டணம் 800 ரூபாய். புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல 1,000 ரூபாய் வைப்புத் தொகை கட்ட வேண்டும். அதை முடிவில் குறைவின்றித் திருப்பித் தந்தார்கள். மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை வகுப்பு. மொத்தம் 14 பேர் இருந்தோம்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் என் தாய்மாமா. அவர் 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் 1990இல் திரும்பியவர். வலங்கைமானில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அங்கே கழித்த நாட்களைப் பற்றி அவர் சொல்வது ஒரே ஒரு கதைதான். முகாமில் இரவுச் சாப்பாட்டுக்கு உலை வைத்தார்கள், தண்ணீர் கொண்டுவர ஒரு பையன் போனான் என்ற இடத்தில் கதை நின்றுவிடும். மாட்டுக்கு வைக்கோல் போட்டாயிற்றா என்று கேட்டபடி எழுந்துவிடுவார். நான் சிறுவனாக இருந்தபோதும் அங்கேதான் நின்றது, இப்போதும் அங்கேதான் நிற்கிறது. வகுப்பைப் பற்றிச் சொன்னதும், ஆங்கிலப் புத்தகம் நமக்கு ஓடாது, ஆனாலும் உன்னோடு வந்து உட்காருகிறேன் மாப்பிள்ளை என்றார். அவருக்கும் கட்டணம் கட்டினேன்.

முதல் வாரம் எனக்குப் பயன்படவில்லை. சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் ‘ஷெல் ஷாக்’ (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரை மருத்துவ இதழில் எழுதியது முதல், 1980இல் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இந்தக் காயத்துக்குத் தனிப்பெயர் இடம்பெற்றது வரை நடத்துபவர் இரண்டு மணி நேரம் பேசினார். அரை மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய செய்தி அது. நாவலைப் படிக்க வந்தவர்களுக்கு நோயின் வரலாறு ஒரு வாசற்படி மட்டுமே; அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது.

இரண்டாம் வாரத்திலிருந்து வகுப்பின் முறை வேறானது, இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பதற்கு அந்த முறையே காரணம். கதைச் சுருக்கம் சொல்வது கிடையாது. ஒரு பகுதியை ஆங்கிலத்தில் உரக்கப் படிப்பார்கள். பிறகு நடத்துபவர் தாமே செய்த தமிழாக்கத்தைப் படிப்பார். அதன்பின் பேச்சு முழுவதும் அந்தப் பகுதியின் வினைமுற்றுகளைப் பற்றியே இருக்கும். யார் சொல்கிறார், எந்தக் காலத்தில் நின்று சொல்கிறார் என்பதைத் தமிழ் வினைமுற்றின் விகுதியும் இடைநிலையுமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், நம் மொழியில் வைத்துப் படிக்கும்போது நாவலாசிரியரின் உத்தி ஒளிய இடமின்றி வெளியே வந்துவிடுகிறது.

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க் முதல் உலகப் போரைப் பற்றி 1929இல் வெளியிட்ட ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ நாவலை எடுத்துக்கொண்ட இரண்டு வாரங்களில் இது நன்றாக விளங்கியது. போர்முனைக்குச் சில கிலோமீட்டர் பின்னால் ஓய்ந்து கிடக்கும் வீரர்களின் பன்மைக் குரலில் நாவல் தொடங்குகிறது. அந்தப் பன்மையைத் தமிழில் ‘நாம்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா என்று அரை மணி நேரம் விவாதித்தோம். ‘நாம்’ என்றால் வாசகரும் அந்தக் குழிக்குள் இருக்கிறார். ‘நாங்கள்’ என்றால் அவர் வெளியே நிற்கிறார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இல்லாத இந்த வேறுபாடு தமிழாக்குபவரை ஒரு முடிவெடுக்க வைக்கிறது. ‘நாங்கள்’ என்பதே சரி என்று முடிவானது. போருக்குப் போகாதவரை அந்தக் கூட்டம் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை என்பதுதானே அந்த நாவலின் வலி.

விடுப்பில் வீட்டுக்கு வரும் நாயகன் பால் பாய்மரிடம் போர்முனையைப் பற்றி அவனுடைய தந்தை ஆவலோடு விசாரிக்கிறார். அங்கே கண்டவற்றை வார்த்தைகளில் வைத்துவிட்டால் அவை தன் கைக்கு அடங்காத அளவு பெருகிவிடுமோ என்று அஞ்சி அவன் பேச மறுக்கிறான். தன் அறையில் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, பழைய ஈர்ப்பு திரும்பி வரும் என்று காத்திருக்கிறான், வரவில்லை. நாவல் பெரும்பாலும் நிகழ்காலத்தில், தன்மையில் ஓடிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி இரண்டு சிறு பத்திகளில் திடீரென்று படர்க்கைக்கும் இறந்த காலத்துக்கும் மாறிவிடுகிறது. ‘கிடக்கிறோம்’, ‘நினைக்கிறேன்’ என்று பழகியிருந்த காதில் ‘விழுந்தான்’ என்ற சொல் விழும்போது, அந்த ‘ஆன்’ விகுதி ஒன்றே சாவுச் செய்தியாகிவிடுகிறது. மாடியில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

நான்காம் வாரம் வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிசஸ் டாலவே’. ஒரே வாரத்தில் முடித்திருக்கக் கூடாத நூல். லண்டனில் ஒரு ஜூன் நாளுக்குள், நண்பன் எவன்ஸ் செத்தபோது எதுவும் உணராமல் இருந்ததற்காகத் தன்னைப் பாராட்டிக்கொண்ட முன்னாள் படைவீரன் செப்டிமஸ், ஆண்டுகள் கழித்துப் பூங்காவில் அந்த எவன்ஸைக் காண்கிறான். ஆசிரியர் ‘அவனுக்குத் தோன்றியது’ என்று வேலி போடாமல் நேராகச் சொல்லிக்கொண்டு போவதால், எது நடந்தது எது நடக்கவில்லை என்று வாசகரும் அவனைப் போலவே தடுமாற வேண்டியிருக்கிறது. இதை நின்று பேச நேரம் தரப்படவில்லை.

ஐந்தாம் வாரம் கர்ட் வானகட் 1969இல் எழுதிய ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’. 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது போர்க்கைதியாக அங்கே இருந்தவர் ஆசிரியர். நாயகன் பில்லி காலத்தில் நழுவி, கல்யாண நாளிலிருந்து கைதிமுகாமுக்கும் அங்கிருந்து முதுமைக்கும் தாவிக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் ‘சோ இட் கோஸ்’ என்ற மூன்றே சொல் கொண்ட ஒரு சிறு வாக்கியம் நூறு தடவைக்கு மேல் திரும்பி வருகிறது. அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டபோது ‘அவ்வளவுதான்’, ‘போகட்டும்’ என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுவோமே, அதுதான் பொருந்தும் என்றார். அதைவிடச் சரியான பதிலை நான் கேட்கவில்லை. சாவைக் கேட்டுக்கொண்டேன், மேலே சொல் என்னும் ஒலி அது.

அந்த நாவலின் நுட்பமான இடத்தையும் நடத்துபவர் தவறாமல் பிடித்தார். தன் கல்யாண ஆண்டுநிறைவு விருந்தில் நான்கு பேர் சேர்ந்து பாடுவதைக் கேட்டு பில்லி நிலைகுலைந்துபோகிறான். காரணம் அவனுக்கே தெரியவில்லை. பிறகுதான், எரிந்து முடிந்த டிரெஸ்டனை வாய் பிளந்து பார்த்து நின்ற நான்கு காவலர்களின் முகம் அவனுக்கு நினைவுக்கு வருகிறது. புத்தகம் முழுக்கக் காலத்தில் தாவியவன், இந்த ஓரிடத்தில் தாவவில்லை, நினைவுகூர்ந்தான் என்று ஆசிரியர் அழுத்திச் சொல்கிறார். அப்படியானால் அதுவரை நடந்த தாவல்கள் எல்லாம் நினைக்க முடியாதவனின் தப்பியோட்டம் என்று புரிகிறது.

இந்தப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது மாமா எழுந்து படியிறங்கிப் போனார். வகுப்பு முடியும்வரை கீழே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நடத்துபவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படிப்பதை நிறுத்தவும் இல்லை, ஆள் அனுப்பிப் பார்க்கவும் இல்லை. இதை இந்தச் சேவையின் பெருங்குறையாகவே பதிவு செய்கிறேன். இத்தகைய பொருளில் வகுப்பு நடத்துபவர், அன்று என்ன பகுதி படிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுந்து போகிறவரோடு கூடப்போக ஒருவரை வைத்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் இதை நேரில் சொன்னேன். தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து பகுதியின் உள்ளடக்கத்தைக் கரும்பலகையில் எழுதி வைத்தார். வலங்கைமான் பேருந்தில் மாமா நெல் விலையைப் பற்றி மட்டும் பேசினார். அடுத்த ஞாயிறு எனக்கு முன்பாகவே சட்டையை மாற்றிக்கொண்டு நின்றார்.

அன்று பாட் பார்க்கரின் ‘ரீஜெனரேஷன்’. முதல் உலகப் போரில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு எடின்பரோவுக்கு அருகே மருத்துவம் பார்த்த ரிவர்ஸ் உண்மையில் வாழ்ந்தவர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் அவரே. நாவலில், பேச்சிழந்து வரும் பிரையர் என்ற அதிகாரி அவரிடம் காகிதத்தில் பெரிய எழுத்துகளில் எழுதிக் காட்டுகிறான். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. அதனால் அந்த வரிகளை நடத்துபவர் படிக்கவே இல்லை. அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினார். மருத்துவரின் கேள்விகள் மட்டும் ஒலித்தன. பதில் வரவேண்டிய இடத்தில் அட்டை மட்டும் உயர்ந்தது. எந்த விளக்கவுரையும் அதைச் செய்திருக்காது. மறந்துபோன நிகழ்ச்சி மயக்கநிலையில் மீண்டு வந்ததும், இவ்வளவுதானா என்று பிரையர் கோபப்படுகிறான் என்பதையும் அன்றுதான் படித்தோம். தானே ஏதோ தவறு செய்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தவனுக்கு, நடந்தது போதவில்லை. மாமாவிடம் கதையின் மீதியைக் கேட்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

ஏழாம் வாரம் திட்டத்தில் இல்லாத ஒன்று நடந்தது. எங்களோடு படித்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ‘முல்லைப்பாட்டு’ நூலைக் கொண்டுவந்தார். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் மகனார் நப்பூதனார் பாடிய 103 அடிப் பாட்டு. நம் ஆற்றின் முகத்துவாரத்தில் பிறந்தது. பாசறையில் அரசன் தூங்கவில்லை. வேல் பாய்ந்த புண்ணோடு தன் பெண் யானைகளையே மறந்த யானை, பாம்பு துடிப்பதுபோல் அறுந்து விழுந்த துதிக்கைகள், திரும்பி வராத வீரர்கள், அம்பு தைத்துத் தீனி தின்னாமல் செவி சாய்த்து நிற்கும் குதிரை ஆகியவற்றை எண்ணி எண்ணி, ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி மறு கையைத் தலையில் வைத்திருக்கிறான். அவன் வேதனைப்பட்டான் என்று சொல்லப் பாட்டில் ஒரு சொல் இல்லை. குதிரையின் சாய்ந்த செவியில் அது வைக்கப்பட்டிருக்கிறது. முன் ஆறு வாரங்கள் பேசியதெல்லாம் இந்தச் சில அடிகளில் இருந்தது. பாட்டு முடிந்ததும் மாமா, குதிரையைப் பற்றிய அடியை மட்டும் இன்னொரு தரம் படிங்க ஐயா என்றார். ஆசிரியர் படித்தார்.

கடைசி வாரத்தில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யையும் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வையும் சேர்த்துத் திணித்தது சரியல்ல. சிங்காரத்தின் நாவலில் மெடானிலும் பினாங்கிலும் போருக்கு நடுவே அலையும் பாண்டியனின் மனம் முன்னறிவிப்பின்றி மதுரைத் தெருக்களுக்கு நழுவுவதும், அகதித் தஞ்சம் கேட்கும் மனுவின் வடிவத்தில் ‘கொரில்லா’ தொடங்குவதும் ஆளுக்கு இரண்டு வாரம் கேட்கும் பொருள்கள். மலேயாக் கப்பல்கள் புறப்பட்ட நாகப்பட்டினம் பக்கத்தில் இருக்க, தமிழ் நாவல்களை வாலில் கட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

மற்ற குறைகள் சிறியவை. நகலெடுத்த தாள்களில் எழுத்து மங்கல். எனக்குத் தந்த வானகட் பிரதியில் நான்கு பக்கங்கள் இல்லை; கேட்டதும் மாற்றித் தந்தார்கள். படி செங்குத்தானது, கைப்பிடி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்க்கூடத்தில் நடத்தச் சொல்லிக் கேட்கலாம். இடைவேளையில் தந்த சுக்குக் காபி நன்றாக இருந்தது.

போர்நாவல்களைச் சாகசத்துக்காகப் படிப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது. ஒரு வாக்கியத்தின் மேல் கால் மணி நேரம் உட்காரத் தயாராக இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். சம்பா அறுவடை முடிந்து மாசியில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. ‘முல்லைப்பாட்டு’ இப்போது முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. மாமாவுக்கும் எனக்கும் பணம் கட்டியாயிற்று. கதவுக்குப் பக்கத்து நாற்காலியை அவருக்கென்று கேட்டு வைத்திருக்கிறேன்.